இரண்டாவது அங்க அடையாளம்

சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தேன். அந்தக் காலத்தில் நான் எழுதிய உத்தரவுகள், குறிப்புகள், நினைவூட்டல்கள், நினைவூட்டல்களுக்கு எழுதிய நினைவூட்டல்கள் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும். அவற்றில் ஒரு புள்ளி பிசகாமல், எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அதை நான் என் மனைவி எஸ்தருக்கு எழுதிக் கொடுத்தேன். அதனால் சாகக் கிடந்தேன்.

இத்தனை வருஷம் எழுதாமல் வைத்திருந்ததை இப்போது வெளியே எடுக்கக் காரணம், போன ஞாயிற்றுக்கிழமை பேப்பர். சூடான மர அறைக்குள் உட்கார்ந்து வியர்வை வடிய விடுவது இருதயத்துக்கு நல்லது என்று அதில் ஒரு கட்டுரை. கூடவே ஒரு படம். இடுப்பில் துண்டு கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர், மோட்சத்தின் வாசற்படியில் உட்கார்ந்திருப்பவர்போலச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய அறைக்கதவு உள்ளேயிருந்து திறக்கிற கதவு என்பது அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே தெரிந்தது. எஸ்தர் கட்டுரையை முழுக்கப் படித்தாள். பேப்பரைப் படம் மேலே தெரியும்படி மடித்து என் முன்னால் வைத்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. நான் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா கச்சேரியில் தற்காலிக குமாஸ்தா. வயது இருபத்து மூன்று. மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. ஆனால் விதிகள் எல்லாம் முளைத்துவிட்டன. மனு கொண்டுவருகிறவர்களின் முகத்தை நான் பார்த்ததே கிடையாது. முதலில் மார்ஜின் விட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். அடுத்து ஸ்டாம்பு. அதற்கடுத்துத் தேதி. இந்த மூன்றில் எது குறைந்தாலும் மனு வந்த வழியே திரும்பிப் போகும். மூன்றும் குறைந்தால் மூன்றையும் ஒரே தடவையில் சொல்லிவிட மாட்டேன். ஒரு தடவைக்கு ஒரு குறை. (இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிறவித் திறமை.)

எஸ்தரின் அண்ணன் சாமுவேல் மச்சான் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் பாய்லர் பிட்டராக இருந்தார். அவர் கொடுத்த பட்டா மாற்ற மனுவையும் இதே முறைப்படி மூன்று தடவை திருப்பினேன். மூன்றாவது தடவை தேதி இல்லை. ஏழு மைல் சைக்கிள் மிதித்து வந்த மனிதர், வேர்த்து விறுவிறுத்து, "ஒரு தேதிதானே மாப்ளே? நீங்களே போட்டுக்கிடுங்களேன்" என்றார்.

"அதை நான் எழுதக் கூடாது மச்சான். மனுதாரர்தான் தன் கையால் எழுதணும். வீட்டில வச்சு எழுதி, முறைப்படி தபால்ல அனுப்புங்க."

எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இதை நான் வீட்டில் பெருமையாகச் சொன்னபோது எஸ்தர், "அப்படியா?" என்று மட்டும் கேட்டாள். அந்த 'அப்படியா'வுக்கு அன்றைக்கே ஒரு கோப்புத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

இந்த நிலையில் என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு தயாரானது. ஒரே ஒரு காகிதம் பாக்கி: சர்க்கார் டாக்டரின் உடல் தகுதிச் சான்றிதழ். அது இல்லையென்றால் நிரந்தரம் இல்லை. என் நாற்காலிக்கு வரிசையில் நிற்கிற அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிடுவான். என் மாமனார் பெண் கொடுத்ததே, 'விரைவில் பெர்மனென்டு ஆகிவிடும்' என்று நான் எழுதிய கடிதத்தை நம்பித்தான். (அந்தக் கடிதத்தில் மார்ஜின், தேதி எல்லாம் சரியாக இருந்தன. செய்திதான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது.)

பரிசோதனை நாளன்று ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விட்டேன். எதிரே இருந்த காப்பிக் கிளப்பில் உட்கார்ந்து, பயத்தில், ஒன்றன்பின் ஒன்றாக நாலு டம்ளர் காப்பி குடித்தேன். கூப்பிட்டபோது உள்ளே போனேன். டாக்டர் நடுத்தர வயதுக்காரர், வெளியூர், சிரிக்காமலே பேசுகிறவர். என் மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னப்பா, ஓடி வந்தியா?"

"இல்லை ஐயா. உரிய நேரத்துக்கு முன்பே வந்து காத்திருக்கிறேன்."

"நாடி ஜட்காக் குதிரை மாதிரி ஓடுதே. வீட்டில யாருக்காவது இருதய வியாதி உண்டா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும், அதுவரை ஜட்காவாக இருந்தது ரயிலாகிவிட்டது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிவிட்டுப் படிவத்தை எடுத்தார். அங்க அடையாளம் இரண்டு எழுத வேண்டும். இடது முழங்கையில் ஒரு மச்சம் கிடைத்தது. இரண்டாவதற்கு என்னை முன்னும் பின்னும் திருப்பித் தேடிப் பார்த்தார். ஒரு தழும்புகூட இல்லை. சின்ன வயதில் மரம் ஏறியிருந்தால்தானே?

"ரெண்டு வாரம் கழிச்சுத் திங்கட்கிழமை வா," என்றார். "அப்பவும் நாடி இப்படியே ஓடினா, 'தகுதி இல்லை'ன்னு எழுதிருவேன். வரும்போது இன்னொரு அங்க அடையாளத்தையும் தேடிக் கொண்டு வா."

இரண்டாவதை அவர் வேடிக்கையாகச் சொன்னார். பாருங்கள், அது எப்படிப் பலித்தது என்று.

செய்தி ராஜபாளையம் எட்டியதும் சாமுவேல் மச்சான் சைக்கிளில் வந்துவிட்டார். மூன்று தடவை மனு திரும்பியும் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனிதர். (குடும்பத்தில் அந்தக் குணம் அவரோடு நின்றுவிட்டது.) வந்தவர் என் மணிக்கட்டைப் பிடிக்காமல் நேரே தத்துவத்துக்குப் போனார்.

"மாப்ளே, இருதயம்ங்கிறது என்ன? பாய்லர். ரத்தம்ங்கிறது தண்ணி. உள்ள பிரஷர் ஏறுது, உங்களுக்குப் படபடங்குது. பிரஷர் ஏறுனா நாங்க என்ன செய்வோம்? சேப்டி வால்வைத் தொறந்து விடுவோம். மனுசனுக்குச் சேப்டி வால்வு எது?"

"எது?"

"வேர்வை!"

இதற்கு அவரிடம் ஆதாரமும் இருந்தது. வடக்கே, ஆறு மாதம் பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்துப் பாதிரியார் ஒரு சமயம் ராஜபாளையம் வந்து போயிருக்கிறார். பின்லாந்தோ ஸ்வீடனோ, மச்சானுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு மர அறை உண்டாம். உள்ளே கல்லைப் பழுக்கக் காய்ச்சிவைத்து, தண்ணீர் தெளித்து, ஆவியில் உட்காருவார்களாம். இலைக் கொத்தால் உடம்பில் அடித்துக்கொள்வார்களாம். வெளியே ஓடிவந்து பனியில் விழுந்து புரளுவார்களாம். "அந்தூர்க் கிழவனுக எல்லாம் எண்பது வயசுல மரம் வெட்டுதானுக, மாப்ளே! இருதயம்னா இருதயம், இரும்பு!"

நான் படித்தவன். சிரித்திருக்க வேண்டும். ஆனால் பாய்லர், பிரஷர், வால்வு என்று மூன்று வார்த்தை வந்துவிட்டதால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். படிக்காத ஆளை ஏமாற்ற நிறையச் சாமர்த்தியம் வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு வெறும் இங்கிலீஷ் போதும்.

பாதிரியாரின் மர அறைக்குப் பதிலாக மச்சான் கண்டுபிடித்தது ஆலைக்குப் புது இஞ்சின் வந்து இறங்கிய தேவதாருப் பெட்டி. ஒரு ஆள் நிற்கிற உயரம். சுற்றிலும் இரும்புப் பட்டை. 'இந்தப் பக்கம் மேலே' என்றும், 'ஈரம் படாமல் வைக்கவும்' என்றும் அதில் கறுப்பு மையால் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. அதை அவர் வீட்டுக் கொல்லையில் நிறுத்தி, ஒரு கதவு வைத்து, உள்ளே உட்காரப் பலகை அடித்தார். பலகை ஆடாமல் இருக்க அதன் ஓரத்திலும் ஒரு இரும்புப் பட்டை. கற்கள் அய்யனார் கோவில் ஓடையிலிருந்து வந்தன; வழவழவென்று, பார்க்க அழகாக இருந்தன. அடித்துக்கொள்ள வேப்பங்குழை. எல்லாம் ஆயிற்று, பனி மட்டும் பாக்கி. சோடாக்கடை ராவுத்தருக்கு மதுரையிலிருந்து ரயிலில், மரத்தூளில் புதைத்து ஐஸ்கட்டி வரும். அதில் ஒரு பாளம் சொல்லிவைத்திருப்பதாக மச்சான் சொன்னார்.

கதவில் கொண்டி வெளிப்பக்கம் இருந்தது. "ஆவி வெளிய போகப்பிடாதுல்லா?" என்றார். நியாயமாகப் பட்டது.

இதுவரை நடந்தது மச்சானின் தப்பு. இனிமேல் என் தப்பு.

திங்கட்கிழமை பரிசோதனை. முந்தின நாள் ஞாயிறு, ராஜபாளையத்தில் காலை ஆராதனை முடிந்து மச்சான் வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு முழுத் தாள் எடுத்து உட்கார்ந்தேன். பாதிரியாரின் ஆட்கள் அறைக்குள் தைரியமாக உட்கார்ந்திருப்பார்கள். நான் பாதியில் பயந்து ஓடிவந்துவிடுவேன் என்பது எனக்கே தெரியும். ஆகவே என்னை எதிர்த்து நானே விதிகள் வகுத்தேன். தலைப்பு: 'வெப்ப அறை ஸ்நான விதிகள்'. முதல் விதி, குளிப்பவர் உள்ளே சென்றதும் கதவை வெளியே கொண்டியிட வேண்டும். இரண்டாவது, இருபது நிமிஷம் முடியுமுன் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. மூன்றாவது விதியில்தான் என் மேதைமை முழுவதும் இறங்கியிருந்தது: 'குளிப்பவரே திறக்கச் சொன்னாலும் திறக்கலாகாது, அது அவருடைய குரல் அல்ல, பலவீனத்தின் குரல் என்று கொள்ளவும்.' நான்காவது, மேற்கண்ட விதிகளில் மாற்றம் எதுவும் எழுத்து மூலமாக, கையொப்பமும் தேதியும் இட்டுத் தரப்பட்டால் மட்டுமே செல்லும்.

எஸ்தரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். நிதானமாகப் படித்தாள்.

"நாலாவதும் வேணுமாங்க?" என்று கேட்டாள்.

"நாலாவது இல்லைன்னா மத்த மூணும் நிக்காது. 'படித்துப் புரிந்துகொண்டேன்'னு எழுதிக் கையெழுத்துப் போடு."

போட்டாள். தேதியும் போட்டாள்.

மச்சான் நெருப்பில் பழுத்த கற்களைக் கிடுக்கியால் எடுத்து உள்ளே ஒரு இரும்புச் சட்டியில் அடுக்கினார். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சிரட்டை அகப்பையும் வைத்தார். நான் இடுப்பில் ஒரு துண்டோடும் கையில் வேப்பங்குழையோடும் உள்ளே நுழைந்தேன். "ஐஸ் எடுத்திட்டு இந்தா வாரேன் மாப்ளே" என்று அவர் சைக்கிளில் ஏறிப் போனார். கொண்டி விழுந்த சத்தம் கேட்டது. வெளியே முக்காலியில் எஸ்தர், அவள் மடியில் டைம்பீஸ், கையில் விதிகள்.

முதல் இரண்டு நிமிஷம் சுகமாகத்தான் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஒரு அகப்பைத் தண்ணீர் ஊற்றினேன். உஸ்ஸென்று ஆவி எழுந்தது. முதுகில் குழையால் இரண்டு தட்டுத் தட்டினேன். எண்பது வயதில் மரம் வெட்டிக்கொண்டு நிற்கிற என்னை நானே மனக்கண்ணில் பார்த்தேன். அதன்பிறகு அந்த மரம், கோடாலி, எண்பது வயது எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்தன. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் நெருப்பு போனது. காதுக்குள் யாரோ நெல் குத்தினார்கள். அது என் இருதயம் என்பது கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

"எஸ்தர்!"

"இருக்கேன்."

"எம்புட்டு நேரம் ஆச்சு?"

"ஆறு நிமிசம்."

"சரி, போதும். கதவைத் தொற."

தாள் புரளும் சத்தம். "மூணாவது விதி," என்றாள். "'குளிப்பவரே திறக்கச் சொன்னாலும்...'"

"ஏட்டி, நான்தான் சொல்லுதேன்!"

"நீங்க இல்ல. பலவீனத்தின் குரல்னு போட்டிருக்கு."

"அந்த விதியை எழுதுனவனே நான்தான்! நானே ரத்துப் பண்ணுதேன்!"

"அதுக்குத்தான் நாலாவது விதி இருக்கே. வாசிக்கட்டா?"

"வேண்டாம்!"

வாசித்தாள். சபையில் வேதபாடம் வாசிக்கிற அதே குரலில், நிறுத்தி, தெளிவாக, 'கையொப்பமும் தேதியும்' என்ற இடத்தில் கொஞ்சம் அழுத்தி.

"அப்ப காகிதமும் பென்சிலும் குடு!" என்று கத்தினேன்.

அந்த மட்டில் நல்லவள். கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக இரண்டும் வந்தன. இருட்டில், முழங்காலில் வைத்து, 'விதிகள் ரத்து. ஞானதாஸ்' என்று எழுதினேன். நெற்றியிலிருந்து வேர்வை காகிதத்தில் மழையாகக் கொட்டியது. என் பெயரின் பாதி கரைந்துபோனது. வெளியே தள்ளினேன். அவள் அதைப் படித்துக்கொண்டிருந்தாள். என் வாழ்நாளில் ஒரு காகிதம் படிக்கப்படுவதற்காக நான் அவ்வளவு ஏங்கிக் காத்திருந்தது இல்லை. என் மேஜைக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் ஒருவர்பின் ஒருவராக நினைவுக்கு வந்தார்கள்.

"கையெழுத்து உங்களுது மாதிரி இல்லையே," என்றாள்.

"கை நடுங்குதுட்டி!"

"சரி, அது போகட்டும். தேதி எங்க?"

சத்தியமாகச் சொல்கிறேன், தேதி எனக்கு நினைவில்லை. மாதம்கூட நினைவில்லை. "இன்னைக்கு என்ன தேதியோ அதை நீயே போட்டுக்கோ!"

"அதை நான் எழுதக் கூடாதுல்ல? மனுதாரர்தான் தன் கையால எழுதணும்னு எங்க அண்ணன்ட்ட சொன்னீகளே."

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. ஆத்திரத்தில் ஒரு யோசனையும் வந்தது. அதுதான் அன்றைய தினத்தின் மிகப் பெரிய முட்டாள்தனம். போட்டிக்கு நிறைய இருந்தும் இதுவே முதலிடம். சூட்டுக்குக் காரணம் கல். கல்லை அணைத்துவிட்டால் சூடு போய்விடும். வாளியைத் தூக்கி முழுத் தண்ணீரையும் கல்மேல் கொட்டினேன்.

கற்கள் அணையவில்லை. பெட்டி முழுக்க வெள்ளை ஆவி அடைத்தது. அடுத்த நொடியில் ஓடையின் அழகான வழவழக் கல் ஒன்று டமார் என்று வெடித்தது. நான் ஒரே குதியில் எழும்பி, 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதியிருந்த பக்கத்தில் தலையை இடித்து, அதே வேகத்தில் கீழே வந்து உட்கார்ந்தேன். துண்டு அதற்குள் என்னைக் கைவிட்டிருந்தது. நான் உட்கார்ந்தது பலகையில் அல்ல, அதன் ஓரத்து இரும்புப் பட்டையில். அந்தப் பட்டையும் அதுவரை எங்களோடு சேர்ந்து காய்ந்துகொண்டிருந்தது.

நான் எழுப்பிய சத்தத்தை இங்கே எழுத முடியாது. அதற்குத் தமிழில் எழுத்து இல்லை. பக்கத்து வீட்டு, தெலுங்கு பேசுகிற ராஜு அம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டியது குரலில் தெரிந்தது.

"அய்யய்யோ! ஏமாயிந்தி எஸ்தரு? பெட்டிக்குள்ள என்னா சத்தம்? மாடா?"

"இல்லம்மா. அவிய குளிச்சுக்கிட்டு இருக்காக."

"குளிக்கிறாரா!"

"ஆமாம்மா. இன்னும் செத்த நேரந்தான். ஒரு நிமிசம்."

ஒரு நிமிஷம் என்பது எனக்குக் கேட்கவில்லை. துண்டைத் தேடி எடுத்துச் சுற்றிக்கொண்டேன். பெட்டியின் பின்பக்கம் வரை போனேன். கதவை உடைத்துவிடுவது என்று தீர்மானித்து, தோளைக் கொடுத்து, முழு வேகத்தில் பாய்ந்தேன். சரியாக அந்த நொடியில் டைம்பீஸில் இருபதாவது நிமிஷம் முடிந்தது. விதி தவறாத என் மனைவி கொண்டியை எடுத்துக் கதவை அகலத் திறந்தாள்.

தடுக்க எதுவும் இல்லாமல் நான் கொல்லை முழுவதையும் கடந்து போனேன். உடம்பெல்லாம் வேப்பிலை ஒட்டியிருக்க, அவித்த நண்டின் நிறத்தில், ராஜு அம்மாள் கண்ணெதிரே பறந்துபோய், சைக்கிளை உருட்டிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்த சாமுவேல் மச்சானின் காலடியில் குப்புற விழுந்தேன். அவர் கையில் சாக்கு இருந்தது. பிரித்தார். கிளம்பும்போது பாளமாக இருந்த ஐஸ் இப்போது சோப்புக்கட்டி அளவு மிஞ்சியிருந்தது. அதை என் உச்சந்தலையில் வைத்து, "இதான் மாப்ளே பனி. புரளுங்க" என்றார்.

எழுந்திருக்க முடியவில்லை. தலை சுற்றியது, மார்பு தாறுமாறாக அடித்தது. எஸ்தரின் முகத்தைப் பார்த்தேன். அதில் முதல்முறையாகப் பயம் இருந்தது. "டாக்டர்ட்ட போவோம்ணே" என்று அழாக்குறையாகச் சொன்னாள். நான் அந்த நிலையிலும், "இந்த ஊர் டாக்டர் வேண்டாம்" என்று முனகினேன். 'சமீபத்தில் வேறு மருத்துவரிடம் சிகிச்சை பெற்றீரா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. பொய் எழுத முடியுமா?

வீட்டுக்கே போய்விடலாம் என்று முடிவாகி, சட்டையை மாட்டிவிட்டு, பஸ்ஸில் ஏற்றினார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம்; பஸ்கள் பின்னால் ஒரு உருளையில் கரியை எரித்து அந்தப் புகையில் ஓடின. கடைசி சீட்டில்தான் இடம் இருந்தது, அந்த உருளைக்கு முன்னால். உட்காரவும் எனக்கு வழியில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தேன். மச்சான் உருளையை எட்டிப் பார்த்து, "இங்கயும் பாய்லர்தான் மாப்ளே! சூடு கொஞ்சங் கொஞ்சமா இறங்கட்டும், அதான் முறை" என்றார். நான் 'முறை' என்ற சொல்லைக் கேட்டு மயங்கிப்போனேன்.

கண்டக்டர் புத்திசாலி. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் ஸ்டாண்டுக்குப் போகாமல் நேரே சர்க்கார் ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை நிறுத்தி என்னை இறக்கிவிட்டார். ஆக, நாளை மிடுக்காக நடந்து நுழைய வேண்டிய இடத்தில் இன்றைக்கே நான்கு பேர் தூக்கிப்போக நுழைந்தேன். எந்த டாக்டருக்கு என் இருதயம் நல்லது என்று நிரூபிக்க வேண்டுமோ, அவரே குவார்ட்டர்ஸிலிருந்து வந்தார். குனிந்து பார்த்தார். முதுகிலிருந்து ஒரு வேப்பிலையைப் பிய்த்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாருய்யா இவரை அவிச்சது?"

மச்சான் பாய்லர் தத்துவத்தைத் தொடங்கினார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தலையில் ஈரத் துணி போட்டார்கள். கீழே மருந்து போட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து எனக்குக் கண் நிதானப்பட்டதும் டாக்டர் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எஸ்தர் முந்தானையிலிருந்து மடித்த தாளை எடுத்து அவரிடம் கொடுத்தாள். முக்கியமான காகிதங்களைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

டாக்டர் நான்கு விதிகளையும் படித்தார். மூன்றாவதை இரண்டு தடவை படித்தார். சிரிக்காமலே பேசுகிறவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தோள் குலுங்க வெகுநேரம் நின்றார்.

திரும்பி வந்தவர், "சூட்டில உட்கார்ந்தா இருதயம் வேகமா அடிக்கும்ப்பா, ஓடுறவனுக்கு அடிக்கிற மாதிரி," என்றார். "நல்ல இருதயத்துக்கு அது ஒரு பயிற்சி. பழுதான இருதயம்னா அதுவே கடைசிப் பயிற்சி. செய்யறவன் தண்ணி குடிச்சிட்டுப் போவான், பத்து நிமிஷம் உட்காருவான், தலை சுத்தினா எந்திரிச்சு வந்திடுவான். நீ உன் இருதயம் எதுன்னே தெரியாம உள்ளே போய்க் கொண்டி போட்டுக்கிட்டே."

"கொண்டி நான் போடவில்லை, ஐயா."

"உத்தரவு நீதானே போட்டே?"

விதித் தாளைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கையை விட்டார். "நாடி நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு என்னைப் பார்க்க வர்றதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டே?"

"ஒன்றும் சாப்பிடவில்லை, ஐயா. காப்பி மட்டும்."

"எத்தனை?"

"நாலு."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னைக்கு நீ பட்ட பாட்டைத் தாங்கின இருதயம் சர்க்கார் உத்தியோகம் முழுசையும் தாங்கும். படிவத்தை எடுத்து இப்பவே எழுதிடறேன்."

எஸ்தரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. மச்சான், "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். நான் மட்டும் படுக்கையிலிருந்து தலையைத் தூக்கி, "ஐயா, கச்சேரிக் கடிதத்தில் திங்கட்கிழமை என்று தேதி போட்டிருக்கிறது" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மருந்தே இல்லாத வியாதிக்காரனைப் பார்க்கிற பார்வை.

ஆகவே மறுநாள் திங்கட்கிழமை மறுபடி போனேன். எஸ்தர் காப்பி கொடுக்கவில்லை. ஓடுவதற்கு எனக்குத் தெம்பில்லை. பயப்படக்கூட மிச்சம் ஒன்றும் இல்லை. நாடி கோயில் யானைபோல நிதானமாக நடந்தது. (இதைத் தன் வைத்தியத்தின் வெற்றி என்று சாமுவேல் மச்சான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.) டாக்டர் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அங்க அடையாளம் ஒண்ணு, இடது முழங்கையில மச்சம். ரெண்டாவது?" என் முகத்தைப் பார்த்தார். "திரும்பி நில்லு."

"ஐயா, அது ஆறிவிடும்..."

"ஆறும். மறையாது," என்று உறுதியாகச் சொல்லிவிட்டு எழுதினார்.

நிரந்தரமாகிவிட்டேன். முதல் வேலையாக மச்சானிடம் பட்டா மனுவைத் திரும்ப வாங்கி, தேதியை நானே என் கையால் போட்டு அனுப்பினேன். என் சர்வீஸில் நான் செய்த முதல் முறைகேடு அது. அதன்பிறகு மனு கொண்டுவந்தவர்களிடம் எல்லாக் குறைகளையும் ஒரே தடவையில் சொல்லிவிடுவேன். இதை யாரும் திருந்துதல் என்று நினைக்க வேண்டாம். உள்ளே உட்கார்ந்து காத்திருந்தவனுக்குத்தான் தெரியும்.

சான்றிதழிலிருந்து அந்த இரண்டாவது அடையாளம் என் சர்வீஸ் ரிஜிஸ்தரின் முதல் பக்கத்துக்குப் போனது: 'வலது பிட்டத்தில் எலுமிச்சங்காய் அளவு தீக்காயத் தழும்பு.' எந்த ஊருக்கு மாற்றலானாலும் எனக்கு முன்னால் அது போய்ச் சேர்ந்துவிடும். புது ஆபீசில் நான் கால் வைக்கும்போதே தலைமை குமாஸ்தா எழுந்து, மிகுந்த மரியாதையோடு, "நாற்காலியில மெத்தை போடச் சொல்லட்டுமா சார்?" என்பார். வீட்டிலோ, யாராவது குளிக்கப் போய் வெகுநேரம் ஆனால் என் பெண்கள் கதவைத் தட்டி, "தொறக்கணும்னா எழுத்து மூலம் குடு, தேதியோட" என்று கத்துவார்கள். அவர்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, தாயார் உபயம்.

ஓய்வுபெற்று முதல் பென்ஷன் வாங்கக் கருவூலத்துக்குப் போனேன். ஆளும் அடையாளமும் ஒத்துப் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த இளைஞருக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். என் முகத்தைப் பார்க்கவில்லை, காகிதத்தைத்தான் பார்த்தார். எனக்கு உடனே ஆள் புரிந்துவிட்டது. முழங்கை மச்சத்தைச் சரிபார்த்து டிக் போட்டார். அடுத்த வரியைப் படித்தார். காது சிவந்தது.

"விதிப்படி ரெண்டையும் பார்க்கணும், சார்," என்றார், நெளிந்துகொண்டே.

"தாராளமாகப் பார்க்கலாம் தம்பி. எழுத்து மூலம் கேளுங்கள், கையொப்பத்தோடும் தேதியோடும். இங்கேயே காட்டுகிறேன்."

என் பின்னால் வரிசையில் இருபது பேர் நின்றார்கள். அவர் வரிசையை எட்டிப் பார்த்தார். இரண்டாவது டிக்கையும் போட்டு முத்திரையைக் குத்தினார்.

வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்த நல்ல சமயத்தைப் பார்த்து, முப்பத்துச் சொச்சம் வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். "நெசத்தைச் சொல்லு. அன்னைக்கு நீ விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் தொறக்காம இருந்தியா, இல்ல உங்க அண்ணன் மனுவுக்காகவா?"

"எழுதிக் குடுங்க," என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். மார்ஜின் விட்டு, கீழே கையெழுத்துப் போட்டு. மறுநாள் காலைக் காப்பியோடு தாள் திரும்பி வந்தது. மார்ஜினில், மிஷன் பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்தில், ஒரு குறிப்பு இருந்தது:

'தேதி இல்லை. திருப்பப்படுகிறது.'